வலது மூலையில் ஏழாம் நம்பர்

பவளக்கொடிக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம், அவளுடைய சாக்ஸ்.

ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்ற தமயந்தி குனிந்தாள். வலது உள்ளங்கையை இடது கால் சாக்ஸில் ஒரு தடவை தேய்த்தாள். நிமிர்ந்தாள். பந்தை இரண்டு தட்டுத் தட்டினாள். போட்டாள். பந்து வளையத்தைத் தொடாமல் வலையை மட்டும் உரசிக்கொண்டு இறங்கியது.

சாக்ஸில் கை துடைப்பது பவளாவின் பழக்கம். ராஜபாளையத்தில் சிமென்ட் தரையில் ஆடக் கற்றவள் அவள். பத்து வயதில் பந்தோடு சேர்ந்து கையில் ஒட்டிய புழுதியைத் துடைக்க ஆரம்பித்தது, முப்பத்தொரு வயதிலும் விடவில்லை. தமயந்தியோ ஓசூரில் ஏ.ஸி. போட்ட உள்ளரங்கில், மெழுகு பூசிய மரத்தரையில் வளர்ந்தவள். இவளுக்கு ஏது புழுதி?

"ஜெராக்ஸ் சூப்பர்டீ!" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"சத்தம் போடாதீங்கடி. ஒரிஜினல் பாத்துட்டு இருக்கு."

சிரிப்பு. பவளாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஏதாவது சொல்வார்கள்.

2049. முட்டுக்காட்டில் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் முகாம். பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஆசியக் கோப்பைக்காகத் தாஷ்கண்ட் போகப்போவது பன்னிரண்டு பேர். பதினொரு பெயர்கள் முடிவாகிவிட்டன. பன்னிரண்டாவது இடம் ஒரு பாயின்ட் கார்டுக்கு, அதாவது பந்தைக் கொண்டுவந்து யாருக்குத் தருவது என்று தீர்மானிப்பவளுக்கு. அந்த இடத்துக்குப் பவளாவும் தமயந்தியும் மோதிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சரியாகச் சொன்னால், பவளாவும் பவளாவின் கையும்.

மூன்று வருடங்களுக்கு முன் பவளாவின் முழங்கால் தசைநார் அறுந்து ஒட்டியபோது, அவளோடு அவளுடைய பாஸ்களும் போய்விடுமே என்று சம்மேளனம் பயந்தது. டாக்டர் ஹபீபுல்லாவை அனுப்பியது. தோளில் ஒரு பட்டை, நெற்றியில் ஒரு ரிப்பன். ஆறு மாதம் அதோடு ஆடினாள்.

"உங்க கை யோசிக்கிறதை எழுதி வச்சுக்கறோம் மேடம்" என்றார் அவர்.

"கை யோசிக்குமா டாக்டர்?"

"நீங்க ஆடும்போது உங்களை முந்திக்கிட்டு அதுதான் யோசிக்குது."

கைப்பதிவு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஏதோ கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள் பவளா. அவர்கள் அதை ஒரு பெண்ணுக்குள் வைத்தார்கள். எட்டு மாதம், தூங்கும் நேரத்தில், சொட்டுச் சொட்டாக.

சர்வதேச விதி ஒன்றும் உடனே வந்துவிட்டது. ஒரே பதிவு இரண்டு உடம்பில் இருந்தால் ஒருவர்தான் அணியில் இருக்கலாம். சொந்தக்காரி, அல்லது வாங்கிக்கொண்டவள்.

வாங்கிக்கொண்டவளுக்கு இருபது வயது. ஆறடி இரண்டு அங்குலம். பவளா ஐந்தரை அடி. எதிராளிகளின் அக்குளுக்குக் கீழே புகுந்து பவளா கொடுத்த பாஸ்களை, இவள் அவர்கள் தலைக்கு மேலே சாவகாசமாகக் கொடுத்தாள். மெஸ்ஸில் தமயந்தி மூன்றாவது தோசை கேட்டால்கூடப் பவளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வயதில் தனக்கும் அந்த உயரம் இருந்திருந்தால் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு விடையே வராது. நிற்கவும் நிற்காது.

புதன்கிழமை காலை கோச் செபாஸ்டின் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

அறையில் தமயந்தி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. சுவரில் ஆடுகளத்தின் படம். அதில் பதினான்கு சிவப்புக் கோடுகள். எல்லாமே இடது பக்கம் போயின.

"பவளா, நீ சீனியர். இதைப் பாரு" என்றார் கோச். "கடைசி ரெண்டு நிமிஷம். ஸ்கோர் நெருக்கம். வலது மூலையில ஜெனிட்டா தனியா நிக்கிறா. கையைத் தூக்கிக் கேக்குறா. இந்தப் பொண்ணு பதினாலு தடவையும் வேற யாருக்கோ குடுத்திருக்கு. பதினாலுக்குப் பதினாலு!"

ஜெனிட்டா அணியின் கேப்டன். தூத்துக்குடிக்காரி, ஏழாம் நம்பர். வலது மூலையில் அவளுக்குத் தனியாகப் பந்து கிடைத்தால் மூன்று பாயின்ட் என்று எதிரணி பயிற்சியாளரே எழுதிக்கொள்வார்.

"மத்த நேரத்துல?" என்று கேட்டாள் பவளா.

"மத்த நேரத்துல ஒழுங்காத் தர்றா. நெருக்கடி வந்தாத்தான் இப்படி. ஏம்மா, கேப்டன்மேல உனக்கு என்ன கோபம்?"

"ஐயோ சார்! என் ரூம்ல ஜெனி அக்கா போஸ்டர்தான் ஒட்டியிருக்கேன். அவங்களுக்குக் குடுக்கணும்னுதான் நினைக்கிறேன். கை திரும்பிடுது சார். நான் திருப்பல. அதுவா திரும்புது."

பவளா சுவரிலிருந்த சிவப்புக் கோடுகளை மறுபடி எண்ணினாள்.

"அதுவா திரும்புதாம்!" கோச் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஞாயித்துக்கிழமை கடைசி ட்ரயல். இதையேதான் பார்ப்பேன். கேப்டனுக்குப் பந்து தராத பாயின்ட் கார்டைத் தாஷ்கண்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனா என்னைத்தான் சிரிப்பாங்க."

மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பவளா வீடியோ அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தன் பழைய மேட்ச்களைப் போட்டாள். கடைசி இரண்டு நிமிடங்களை மட்டும்.

முதல் மேட்ச். ஜெனிட்டா வலது மூலையில். பவளா இடது பக்கம் கொடுக்கிறாள். அப்போது நேரமில்லை, சரி. இரண்டாவது. ஜெனிட்டாமேல் ஆள் ஏறுவதுபோலத் தெரிந்தது, சரி. மூன்றாவது. இடது பக்கம் கிட்டே இருந்தது.

முப்பத்தொன்று வரை எண்ணினாள். ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருந்தது. முப்பத்தொரு நல்ல காரணங்களையும் வரிசையாகப் பார்த்தபோது அவை ஒரே ஒரு கெட்ட காரணமாகத் தெரிந்தன.

பாங்காக். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு ஃபைனல். இரண்டு விநாடி மிச்சம். மூன்று பேருக்கு நடுவிலிருந்து, திரும்பிப் பார்க்காமல், முதுகுக்குப் பின்னால் ஒரு பாஸ். அப்படி ஒன்றைப் பவளா அதற்கு முன்பும் கொடுத்ததில்லை, பின்பும் கொடுத்ததில்லை. வலது மூலையில் ஜெனிட்டா வாங்கிப் போட்டாள். கோப்பை. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஜெனிட்டாவைத் தோளில் தூக்கிய படம். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை. அது பவளாவுடையது. அடுத்த மாதமே ஜெனிட்டா கேப்டன்.

பவளா அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். ஒரே அறையில்தான் தங்கினார்கள். அது அன்றோடு செரித்துவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தாள். அவளுக்குச் செரித்திருக்கலாம். கைக்குச் செரிக்கவில்லை.

கதவு திறந்தது. டாக்டர் ஹபீபுல்லா, கையில் டிபன் பாக்ஸோடு.

"பழைய மேட்சா மேடம்? நானும் அதுக்குத்தான் வந்தேன். அந்தப் பொண்ணு விஷயம் உறுத்துது. ஒருவேளை பதிவு எடுக்கும்போதே உங்ககிட்ட ஏதாவது..."

"எனக்கும் ஜெனிக்கும் என்ன டாக்டர்? ஒரே தட்டுல சாப்பிட்டவங்க."

"அதானே." அவர் தலையை ஆட்டினார். "இருந்திருந்தா எனக்கு வேலை சுலபம். அந்த உணர்ச்சி உங்ககிட்ட எப்படி இருக்குன்னு ஒரு தடவை பதிவு பண்ணிட்டா, அதை அச்சா வச்சு அந்தப் பொண்ணுகிட்ட இருந்து சுரண்டி எடுத்துடுவேன். ஒரு காலைப்பொழுது வேலை. அச்சு இல்லாம சுரண்டினா, கூட நல்லதும் போயிடும்."

"ஓ" என்றாள் பவளா.

அவ்வளவுதான் சொன்னாள். அந்த 'ஓ'வில் ஒரு தித்திப்பு இருந்ததை அவளே உணர்ந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தமயந்தி தானாகவே கீழே விழுவாள். பவளாவின் கையே அவளைத் தள்ளிவிடும்.

சாயங்காலப் பயிற்சி முடிந்து படியில் உட்கார்ந்து ஷூ கழற்றும்போது தமயந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் பவளாவைவிட உயரமாக இருந்தாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. ஜெனி அக்காவுக்குக் கடைசி நேரத்துல நீங்க எப்படிக் குடுப்பீங்க?"

குத்துகிறாளா என்று பார்த்தாள். இல்லை. நிஜமாகவே கேட்கிறாள்.

"மனசுல வேற எதுவும் இல்லாம குடுக்கணும்" என்றாள் பவளா, கயிற்றை அவிழ்த்தபடி.

"ட்ரை பண்றேங்கா."

நன்றியோடு எழுந்து போனாள். அவள் நிழல் படியிலிருந்து இறங்கி முடிய வெகுநேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. கோட்டுக்கு வெளியே மேஜை போட்டுத் தேர்வுக் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவி வசுமதி மேடம், கிளிப்பச்சைப் பட்டுப்புடவையில், கையில் டீயோடு.

முதல் ஆட்டம் தமயந்திக்கு. முப்பத்தெட்டு நிமிடங்கள் அவள் ஆடியதைப் பார்த்து வசுமதி மேடம் இரண்டு தடவை டீயைக் குடிக்க மறந்தார். பிறகு அந்தக் கடைசி நிமிடம் வந்தது. சமமான ஸ்கோர். வலது மூலையில் ஜெனிட்டா கையைத் தூக்கினாள். தமயந்தியின் கண் ஜெனிட்டாமேல்தான் இருந்தது. உதடு அசைந்தது, வேண்டிக்கொள்வதுபோல. தோள் தானாகத் திரும்பியது. பந்து இடது பக்கம் போயிற்று.

அது கூடையிலும் விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. கோச் நோட்டில் எதையோ எழுதினார்.

இரண்டாவது ஆட்டம் பவளாவுக்கு.

அவளுக்குக் கேள்வித்தாள் முன்கூட்டியே தெரியும். கடைசி நிமிடத்தில் பந்து கைக்கு வந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தாள். வலது மூலையில் ஏழாம் நம்பர். கையிடம் சொன்னாள்: அங்கே கொடு. கை மாட்டேன் என்றது. துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தள்ளுவதுபோல் தள்ளினாள். எதிராளிகள் இரண்டு பேர் பாய்ந்தார்கள். திரும்பிப் பார்க்காமல், முதுகுக்குப் பின்னால், பாங்காக்கில் கொடுத்ததே மாதிரி...

கொடுத்துவிட்டாள்! எட்டு வருடங்களில் முதல் தடவையாக.

டமார் என்று ஒரு சத்தம். பந்து தேர்வுக் குழுவின் மேஜைமேல் விழுந்து எகிறியது. வசுமதி மேடத்தின் பட்டுப்புடவை முழுக்க டீ.

வலது மூலையில் யாரும் இல்லை. ஜெனிட்டா வளையத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"ஜெனிட்டா!" கோச் கத்தினார். "எங்கே போன?"

"ரீபவுண்டுக்கு சார்."

"மூலையில நில்லுன்னு சொன்னேனா இல்லையா?"

"நின்னேன் சார். பவளா கையில பந்து வந்ததும் ஓடிட்டேன். எட்டு வருஷமா அப்படித்தான சார்? கடைசி நேரத்துல அவ எனக்குத் தரமாட்டா. வேற யாருக்காச்சும் குடுப்பா. வாங்குனவ போட்டு மிஸ்ஸாச்சுன்னா எடுக்க ஒரு ஆளு வேணும்லா?"

கோபமே இல்லை அவள் குரலில். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று வழி சொல்வதுபோலச் சொன்னாள். கேலரியில் டாக்டர் ஹபீபுல்லா மெதுவாக எழுந்து நின்றார்.

குழாயடியில் ஜெனிட்டா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பவளா போய் நின்றாள்.

"ஏட்டி, தாரதுன்னா சொல்லிட்டுத் தரக்கூடாதா?" என்றாள் ஜெனிட்டா. "மேடம் புடவை போச்சு."

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"பாங்காக் முடிஞ்சு அடுத்த டூர்லயே."

"ஏன்டீ கேக்கல?"

"கேட்டா நீ இல்லன்னுருப்ப. நானும் நம்புன மாதிரி மூஞ்சிய வச்சுக்கணும். அதுக்கு ஓடிப்போயி ரீபவுண்டு எடுக்குறது லேசு." துண்டால் முகத்தைத் துடைத்தாள். "எத்தனை எடுத்திருக்கேன் தெரியுமா? அதுலயே பேரு வாங்கிட்டேன்."

அதிலும்கூடப் பவளாதான் அவளுக்குப் பேர் வாங்கித் தந்திருக்கிறாள்!

ஒரு மணி நேரம் கழித்துக் கோச் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு லிஸ்ட் போயாகணும். அந்தப் பொண்ணுகிட்ட இருக்கிறது உன்கிட்டேயிருந்து போனதுதான்னு டாக்டர் சொல்லிட்டார். நாளைக்குக் காலைல நீ லேபுக்குப் போகணும். அவர் அச்சு எடுப்பார். பொண்ணு சரியானா, பொண்ணு. சரியாகலைன்னா, நீ. இன்னிக்கு நீ பந்து குடுத்த, அவ அங்க இல்ல. அதை ரெண்டு நாள் பிராக்டிஸ்ல சரிபண்ணிக்கலாம்."

"நான் வரலைன்னா சார்?"

"ரெண்டு பேரும் வேண்டாம், ரிசர்வ்ல இருந்து எடுத்துக்கோன்னு மேடம் சொல்லிட்டாங்க. மேடம் நல்ல மூடுல இல்ல."

திங்கட்கிழமை காலை பத்து மணி. லேப் என்பது முகாமின் மாடியில் ஒரு வெள்ளை அறை. தோளில் பட்டை, நெற்றியில் ரிப்பன். திரையில் ஒரு பச்சைக் கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது. எதிர் நாற்காலியில் ஜெனிட்டா.

"ரொம்ப சிம்பிள் மேடம்" என்றார் டாக்டர். "அவங்க பாங்காக்கைப் பத்திப் பேசட்டும். நீங்க கேளுங்க. பொறாமை வந்தா கோடு ஏறும். அடக்காதீங்க. அடக்கினாலும் எனக்குத் தெரிஞ்சுடும்."

பவளா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கோடு ஏறினால் அவள் கதை முடிந்தது. ஏறாதே, ஏறாதே என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"தோள்ல தூக்குனாங்கல்லா" என்று ஆரம்பித்தாள் ஜெனிட்டா. "மேலருந்து பார்த்தா கூட்டத்துல உன்னையக் காணும். அந்தப் போட்டோல உன் முழங்கை மட்டும் இருந்துச்சே, எங்கம்மா அதைக் கத்திரியால வெட்டிட்டுத்தான் ஃப்ரேம் போட்டா. 'யாரு முழங்கையோ, அசிங்கமா இருக்கு'ன்னா."

பவளா சிரித்துவிட்டாள். நிஜமான சிரிப்பு. வயிற்றிலிருந்து வந்தது.

கோடு அசையவில்லை.

"கேப்டன் ஆனதைச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

ஜெனிட்டா சொன்னாள். ஏர்போர்ட் மாலை, தூத்துக்குடியில் திறந்த ஜீப், தெருவுக்குத் தெரு பேனர், அதில் எழுத்துப்பிழை. கூடவே கொஞ்சம் மசாலா சேர்த்தாள். பவளா கேட்டுக்கொண்டிருந்தாள். கோடு படுத்த படுக்கையாகக் கிடந்தது.

டாக்டர் ஒயரைத் தட்டிப் பார்த்தார். ரிப்பனைச் சரிசெய்தார். "இல்லையே மேடம். அடக்குறீங்களான்னா அதுவும் இல்ல. இவங்கமேல உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையே!"

பவளாவுக்கு முதலில் சந்தோஷம் பொங்கியது. தாஷ்கண்ட்! அதற்குப் பின்னாலேயே ஒரு கேள்வி வந்தது. எட்டு வருடம் கையில் குடியிருந்த ஒன்று எங்கே போயிற்று? நேற்றுவரை இருந்ததே. கை மாட்டேன் என்றதே. அது வெறும் பழக்கமா? உள்ளே இருந்தவர் என்றோ காலிசெய்துவிட்டுப் போக, கதவு மட்டும் பூட்டியே கிடந்ததா?

கதவு தட்டப்பட்டது.

"டாக்டர், நான் உள்ள வரலாமா?"

நிலை இடிக்காமல் தலையைக் குனிந்து தமயந்தி உள்ளே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அப்படியும் அழகாக இருந்தாள்.

பச்சைக் கோடு செங்குத்தாக ஏறித் திரையின் விளிம்பை முட்டி நின்றது.

டாக்டர் திரையைப் பார்த்தார். தமயந்தியைப் பார்த்தார். கடைசியாகப் பவளாவைப் பார்த்தார். அவர் நாகரிகமான மனிதர்.

"அச்சு பொருந்தலை" என்றார் பொதுவாக. "ஆள் மாறினா அச்சும் மாறிடும். ஜெனிட்டா மேடம்மேல இருந்தது இவங்ககிட்ட இப்ப இல்லவே இல்ல. வேற ஒண்ணை வச்சு அதைச் சுரண்ட முடியாது."

"அப்ப அது எங்க இருக்கு டாக்டர்?" என்றாள் தமயந்தி.

"உன்கிட்ட மட்டும்தாம்மா."

"எப்பப் போகும்?"

டாக்டர் போனை எடுத்துக் கோச்சுக்குப் பேசினார். "பவளக்கொடி பேரைப் போட்டுக்குங்க சார். ஆமா. பொண்ணு தேறல."

ஜெனிட்டா எழுந்தாள். தமயந்தியின் தோளைத் தட்டக் கையை உயர்த்தினாள். வசதிப்படவில்லை, முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதட்டி. நீ என்ன பண்ணுவ? வா, டீ குடிப்போம்."

தமயந்தி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு விநாடிதான் இருந்தது. நன்றியில் ஆரம்பித்து, நடுவில் ஏதோ ஒன்றில் கோணி, மறுபடி நன்றிக்கு வந்தது. ஜெனிட்டா கவனிக்கவில்லை. தமயந்திக்கே தெரியவில்லை. அந்தப் பார்வையை உள்பக்கத்திலிருந்து அறிந்தவள் அந்த அறையில் ஒருத்திதான். போஸ்டர் ஒட்டி வைத்திருக்கும் பெண்ணைக் காரணமே தெரியாமல் இனி ஆயுசு முழுக்க இவள் வெறுப்பாள். அந்த வெறுப்பைக் கொடுத்தவள் தாஷ்கண்ட் போவாள்.

"வாழ்த்துக்கள்கா" என்றாள் தமயந்தி வாசலில் திரும்பி. "நல்லா ஆடுங்க."

படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கினாள். அழுதுகொண்டே, அப்படியும் இரண்டிரண்டாக. அவளுக்கு இன்னும் ஐந்தாறு ஆசியக் கோப்பைகள் மிச்சம் இருந்தன. தோற்றவள் அவள்தான்.

பவளா நாற்காலியில் சாய்ந்தாள். பட்டையைக் கழற்றவில்லை. வேண்டியது கிடைத்தாயிற்று. போட்டிக்கு ஆளே இல்லை. இனிக் கோடு இறங்க வேண்டும். அது இறங்குவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தாள்.

காலடிச் சத்தம் கீழே போய்த் தேய்ந்து மறைந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம்.

டாக்டர் ஹபீபுல்லா எழுந்து வந்து, திரையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.